வண்டியை ஓட்டவிட்டுப் பாருங்கள், அதற்குப் பிறகு எழுதச் சொல்லுங்கள்

மாண்புமிகு போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், தமிழ்நாட்டின் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் மேலாண்மை இயக்குநர்களுக்கும்,

அரசுப் பேருந்துக்கு ஓட்டுநர் எடுக்கும்போது, அவர் பேருந்தை எப்படி ஓட்டுகிறார் என்று நீங்கள் பார்ப்பது இரண்டாவது கட்டத்தில்தான். முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறாதவர் ஸ்டேரிங்கைத் தொடாமலேயே ஊருக்குத் திரும்புகிறார். அவர் நல்ல ஓட்டுநரா இல்லையா என்று உங்களில் யாருக்கும் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன், டெல்டா மாவட்டத்துக்காரன். டவுன் பஸ், வெளியூர் போகிற மப்சல் வண்டி, ராத்திரி வண்டி என்று எல்லாம் ஓட்டியிருக்கிறேன். இப்போது ஒரு கனரக வாகனப் பயிற்சிப் பள்ளியில் காலை நேரங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அரசு வேலைக்கு அறிவிக்கை வந்தால் விண்ணப்பம் போடுவதிலிருந்து ஓட்டுத் தேர்வுக்குத் தயாராவது வரைக்கும் எங்கள் பக்கத்து ஓட்டுநர்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். அதனால் இங்கே எழுதுவது நான் யாரிடமோ கேட்ட கதை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது.

2025 மார்ச்சில் எட்டுக் கழகங்களுக்கும் சேர்த்து 3,274 ஓட்டுநருடன் நடத்துநர் பணியிடங்களுக்கு, அதாவது ஓட்டுநர் வேலையையும் நடத்துநர் வேலையையும் ஒரே ஆள் பார்க்கிற பணியிடங்களுக்கு, அறிவிக்கை வந்தது. கும்பகோணம் கழகத்துக்கு மட்டும் 756 இடம். சேலத்துக்கு 486, சென்னை மாநகருக்கு 364, திருநெல்வேலிக்கு 362. எங்கள் ஊர்ப் பக்கம் அது எவ்வளவு பெரிய செய்தி என்று சென்னையில் இருப்பவர்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. பல வருடங்கள் நேரடி நியமனமே இல்லாமல் கிடந்த வேலை அது. லைசென்ஸையும் பேட்ஜையும் புதுப்பித்துப் புதுப்பித்துக் காத்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். மார்ச் 21இலிருந்து ஏப்ரல் 21 வரை இணையத்தில் விண்ணப்பம். ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர்களுக்கு ஓட்டுத் தேர்வு, அப்புறம் நேர்காணல். 2023இல் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் 685 இடங்களுக்கு ஆள் எடுத்தபோதும் எழுத்துத் தேர்வுதான் வாசல்படியாக இருந்தது.

அந்த வாசல்படியில் யார் நின்றுபோகிறார்கள் என்று சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர் தனியார் பேருந்து ஓட்டுகிறார். விடிகாலை நாலு மணிக்கு வண்டியை எடுத்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் கடைசி நடை முடியும். டூட்டி இல்லாத நாளில் நெல் லோடு லாரிக்கு ஆக்டிங், அதாவது மாற்று ஓட்டுநராகப் போவார். அவர் ஓட்டும் வண்டியில் கர்ப்பிணிப் பெண்ணைத் தைரியமாக ஏற்றி அனுப்பலாம், அப்படி ஒரு கை. எங்கள் பக்கம் வாய்க்கால் கரைச் சாலைகள் நிறைய. ஐப்பசி, கார்த்திகை மழையில் எதிரே அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரி வந்துவிட்டால் எந்த இடத்தில் ஒதுங்கலாம், எந்த இடத்தில் கரை இளகியிருக்கும் என்று ஓட்டுநர் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். ஒரு முழம் தப்பினாலும் வண்டி வாய்க்காலுக்குள் போய்விடும். அவர் அந்தச் சாலையில் வருடக்கணக்கில் ஓட்டுகிறார், ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. பத்தாம் வகுப்பு முடித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தேர்வுக்கு முந்தின நாளும் டூட்டி பார்த்துவிட்டு, தூங்காமல் பஸ் ஏறிப் போய்த் தேர்வு எழுதினார். தேறவில்லை.

இன்னொரு பையன் பட்டப்படிப்பு முடித்தவன். வேறு வேலைக்கான போட்டித் தேர்வுகளுக்கு இரண்டு மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று கனரக லைசென்ஸ் எடுத்துவைத்திருந்தான். பயிற்சிப் பள்ளி வண்டியைத் தவிர வேறு கனரக வண்டியை அவன் சாலையில் ஓட்டியதில்லை. எழுத்துத் தேர்வில் நல்லபடியாகத் தேறிவிட்டான். தேறிய பிறகு என்னிடம் வந்து, "ஐயா, பஸ்ஸைப் பின்னால் எடுக்க எனக்குச் சரியாக வராது, கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். நல்ல பையன்தான், உழைக்கிறவன். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் என்ன கேட்டீர்களோ அதற்கு அவன் தயாராகி வந்தான். ஆனால் இந்த இரண்டு பேரில் ஒருவரை மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லி அவனைக் கூப்பிட்டீர்களே, அது எப்படிச் சரியாகும்? இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றி ஒரே சாலையில் பத்து நிமிடம் ஓட்டவிட்டிருந்தால் உங்கள் அதிகாரிகளே முடிவு செய்திருப்பார்கள்.

கனரக வாகனம் ஓட்டிய அனுபவம் குறைந்தது 18 மாதம் வேண்டும் என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அனுபவத்துக்கு ஆதாரமாக இருப்பது பெரும்பாலும் லைசென்ஸில் இருக்கும் தேதி. லைசென்ஸ் எடுத்து வீட்டில் வைத்திருந்தாலும் 18 மாதம் ஓடிவிடும். லோடு வண்டியில் வட இந்தியா வரைக்கும் போய் வந்தவருக்கும் அதே 18 மாதம்தான். இந்த வித்தியாசத்தைக் காட்டக்கூடியது ஓட்டுத் தேர்வு ஒன்றுதான். அதைப் பின்னால் தள்ளிவிட்டதால் அந்த அனுபவத்துக்கே மதிப்பில்லாமல் போய்விட்டது.

எழுத்துத் தேர்வு ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 2014இல் வந்த அறிவிக்கைகளை ஒட்டி, போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கினார்கள் என்று எழுந்த வழக்கு நாடே பார்த்த ஒன்று. பணத்தைத் திருப்பிக் கொடுத்துச் சமரசம் ஆகிவிட்டது என்ற காரணத்தால் முடித்துவைக்கப்பட்ட வழக்கை, அப்படி முடிக்க முடியாது என்று சொல்லி 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் திறந்தது. எங்களைக் கேட்டால், அந்த விவகாரத்தில் நிஜமாகவே நஷ்டப்பட்டவர்கள் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் இல்லை. கொடுக்கப் பணம் இல்லாமல், திறமையை மட்டும் நம்பி வரிசையில் நின்றவர்கள்தான். நேர்காணல் அறைக்குள் போடுகிற மதிப்பெண்ணை நம்ப முடியாது என்ற நிலைமையில், விடைத்தாளைத் திருத்தி வருகிற மதிப்பெண் மேல் என்று நினைத்தது நியாயம்தான். அதனால் எழுத்துத் தேர்வே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. தேர்வைத் தமிழில் வைத்திருக்கிறீர்கள், அதற்கும் நன்றி. அது எங்கே நிற்கிறது, என்ன கேட்கிறது என்பதில்தான் எனக்கு வழக்கு.

ஓட்டுத் தேர்விலும் கை நுழைக்கலாமே என்று கேட்பீர்கள். நுழைக்கலாம். அதற்குத்தான் இப்போது வழி வந்துவிட்டதே. கர்நாடகத்தில் ஹும்னாபாத்திலும் ஹாசனிலும் சென்சார் வைத்த பாதையில் ஓட்டவிட்டு, கணினியே மதிப்பெண் போடும்படி அரசுப் பேருந்து ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கோட்டைத் தொட்டால் எவ்வளவு, நின்றுபோனால் எவ்வளவு, நேரம் கடந்தால் எவ்வளவு என்று இயந்திரம் குறித்துக்கொள்ளும். அதோடு ஒரு கேமராவையும் வைத்துவிட்டால் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. எழுத்துத் தேர்வு எவ்வளவு நேர்மையோ அவ்வளவு நேர்மையாக ஓட்டுத் தேர்வையும் நடத்த முடியும்.

விண்ணப்பம் ஏராளமாக வருகிறது, எல்லாரையும் ஓட்டிப் பார்க்க முடியாது என்பது அடுத்த பதில். அதையும் யோசித்துப் பார்த்தேன். எட்டுக் கழகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஊர் ஊராகப் பணிமனைகள், அனுபவமுள்ள பயிற்சி ஓட்டுநர்கள், பழைய பேருந்துகள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் நாள் தவறாமல் ஆட்களை ஓட்டிப் பார்த்துத்தான் லைசென்ஸ் கொடுக்கின்றன. மண்டலத்துக்கு மண்டலம் பிரித்துக்கொண்டால் சில மாதங்களில் முடிகிற வேலை. இப்போதுகூட அறிவிக்கைக்கும் எழுத்துத் தேர்வுக்கும் நடுவில் நாலு மாதம் போனது. அந்த நாலு மாதத்தில் ஓட்டிப் பார்க்கலாம்.

அதற்குச் செலவாகும் என்றால், ஒவ்வொருவரிடமும் எவ்வளவு வாங்கினீர்கள் என்று பார்க்கலாம். விண்ணப்பக் கட்டணம் 1,180 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 590. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வுக்கு விண்ணப்பித்துக் கலெக்டர் ஆகப்போகிறவர் கட்டுவது 100 ரூபாய். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கும் 100 ரூபாய். பஸ் ஓட்டப்போகிறவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு? அந்த 1,180இல் 1,000 கட்டணம், 180 ஜி.எஸ்.டி. வேலை இல்லாமல் வேலை கேட்டு வருகிற ஆளிடம் 18 சதவீதம் வரி வாங்குவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை. தினக்கூலிக்கு ஆக்டிங் போகிற ஓட்டுநருக்கு அது ஒன்றரை நாள், இரண்டு நாள் சம்பளம். வீட்டில் கேட்டால் "போன தடவையும் கட்டினீர்களே" என்று சொல்வார்கள். அப்படிக் கட்டியவர்தான் பேருந்தில் உட்காராமலேயே திரும்புகிறார். இவ்வளவு வாங்கிக்கொண்ட பிறகு, டீசலுக்குப் பணம் இல்லை, ஓட்டிப் பார்க்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

கட்டணத்தோடு செலவு முடிந்துவிடுவதும் இல்லை. ஓட்டுநருடன் நடத்துநர் வேலை என்பதால் கனரக லைசென்ஸோடு கண்டக்டர் லைசென்ஸும் வேண்டும், முதலுதவிச் சான்றும் வேண்டும், பத்தாம் வகுப்பும் வேண்டும். வேலை கிடைத்தவருக்கு இவை தேவைதான். ஆனால் விண்ணப்பிக்கும்போதே எல்லாம் கையில் இருக்க வேண்டும் என்பதால் என்ன நடக்கிறது தெரியுமா? அறிவிக்கை வரப்போகிறது என்று பேச்சு வந்தவுடனே லாரி ஓட்டுகிறவர்களும் டிப்பர் ஓட்டுகிறவர்களும் வேலையைப் போட்டுவிட்டு முதலுதவி வகுப்புக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் அலைகிறார்கள். நடுவில் இருப்பவர்கள் அவசரத்துக்கு ஒரு விலை சொல்கிறார்கள். சில ஆயிரம் கைவிட்டுப் போகிறது. வாழ்க்கையில் டிக்கெட் கிழிக்கவே போகாத ஓட்டுநர்கள் எத்தனையோ பேர் எங்கள் பக்கம் கண்டக்டர் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள், வேலையும் இல்லாமல். அந்த லைசென்ஸைத் தேர்வான பிறகு, பயிற்சிக் காலத்துக்குள் எடுத்துக்கொடு என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்?

எழுத்துத் தேர்வில் என்ன கேட்பது என்பதற்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்கு நிறையவே சொல்ல இருக்கிறது. கடைகளில் விற்கிற வழிகாட்டிப் புத்தகங்களை என்னிடம் வருகிற பையன்கள் கொண்டுவருவார்கள். புரட்டிப் பார்த்தால் இலக்கியம், வரலாறு, நடப்பு நிகழ்வு, கணக்கு என்று பாதிக்கு மேல் போகிறது. எந்தத் தேர்வுக்கும் பொருந்துகிற பாடம் அது. சாலையும் வண்டியும் கடைசியில் கொஞ்சம் இருக்கும். அதுவும் சைகைப் பலகைக்குப் படம் பார்த்துப் பெயர் சொல்கிற அளவில்தான். ஓட்டுநருக்குத் தெரிய வேண்டியதைக் கேட்க வேண்டும் என்றால் கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. வால்பாறைச் சாலையில் 40. வண்டி நிறைய ஆளோடு இறங்கும்போது எந்த கியரில் இறங்க வேண்டும்? பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் டிரம் சூடேறி என்ன ஆகும்? டேஷ்போர்டில் பிரேக்குக்கான காற்றழுத்த முள் கீழே இறங்குகிறது, பின்னால் அறுபது பேர் இருக்கிறார்கள், முதலில் செய்ய வேண்டியது என்ன? பள்ளிக்கூடம் விடுகிற நேரம், படிக்கட்டில் பிள்ளைகள் தொங்குகிறார்கள், உள்ளே போகச் சொன்னால் கேட்கவில்லை. வண்டியை எடுப்பதா, நிறுத்துவதா? நிறுத்தினால் பின்னால் வருகிற நெரிசலை என்ன செய்வது? நடுவழியில் ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. 108க்குக் காத்திருப்பதா, வண்டியை நேரே ஆஸ்பத்திரிக்கு விடுவதா? விபத்தில் அடிபட்டவருக்கு முதல் ஒரு மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்று மோட்டார் வாகனச் சட்டமே 2019 திருத்தத்தில் எழுதிவைத்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது? வலது பக்கத்தில் வண்டி ஒட்டிக்கொண்டு வருகிறது, இடது பக்கக் கண்ணாடியில் ஸ்கூட்டர் தெரிந்து மறைந்துவிட்டது, இந்த நிலைமையில் நிறுத்தத்துக்குள் எப்படி ஒதுக்குவது?

இதையெல்லாம் கேளுங்கள். நாலு விடை கொடுத்துக் குறிக்கச் சொன்னாலும் சரிதான். அனுபவப்பட்ட ஓட்டுநருக்கு இந்தக் கேள்வித்தாள் பயம் தராது. அனுபவம் இல்லாதவரும் இதற்குத் தயாராக வேண்டுமென்றால் ஓட்டுநர்களோடு பழகித்தான் ஆக வேண்டும். அந்தப் படிப்பு அவருக்கு வேலையிலும் உதவும். படிப்பு முக்கியமில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். என் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். ஓட்டுநர் படித்திருந்தால் நல்லது. ஆனால் பொது அறிவில் இரண்டு மதிப்பெண் குறைந்ததற்காக ஒரு நல்ல ஓட்டுநரை இழக்க, ஏறத்தாழ 20,000 பேருந்து ஓடுகிற இந்த மாநிலத்துக்குக் கட்டுபடி ஆகாது.

இன்னொன்று. ஊராட்சி ஒன்றியங்களில் ஜீப் ஓட்டுநர் வேலைக்கு எட்டாம் வகுப்பு போதும். 2018 ஜனவரி வேலைநிறுத்தத்திலும் 2024 ஜனவரி வேலைநிறுத்தத்திலும் தற்காலிக ஓட்டுநர்களைக் கூப்பிட்டுப் பேருந்தை ஓட்டச் சொன்னீர்கள். அவர்களுக்கு எழுத்துத் தேர்வு வைக்க நேரமும் இல்லை, வைக்கவும் இல்லை. ஒப்பந்த நிறுவனங்கள் மூலமாக வருகிற ஓட்டுநர்களும் இந்தத் தேர்வை எழுதிவிட்டு வருவதில்லை. இவர்களும் அதே சாலையில், அதே மக்களை ஏற்றிக்கொண்டுதான் போகிறார்கள். நிரந்தர வேலை என்று வரும்போது மட்டும் ஓட்டிப் பார்க்கும் முன்பே கதவை அடைத்துவிடுவது எந்த விதத்தில் பாதுகாப்பு என்பதற்குத் துறை பதில் சொல்ல வேண்டும்.

ஓட்டுத் தேர்வு நடக்கிற விதத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு மண்டலத்தில் என்னிடம் பயின்ற ஒருவரை விடிகாலையில் வரச்சொன்னார்கள். முந்தின ராத்திரியே போய்ப் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தார். முறை வந்தது மதியத்துக்கு மேல். நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. கொடுத்த வண்டியின் கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளக்கூட ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க விடவில்லை. பழைய வண்டியென்றால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும், இதை உங்கள் பணிமனையில் எந்த ஓட்டுநரைக் கேட்டாலும் சொல்வார். நாங்களே டூட்டியில் ஸ்பேர் வண்டி கொடுத்தால் முதல் நாலு நிறுத்தம் வரைக்கும் நிதானமாகத்தான் ஓட்டுவோம். ஏறின உடனே பின்னால் எடு என்றார்கள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. இறங்கச் சொல்லிவிட்டார்கள். எத்தனை மதிப்பெண், எதற்குக் குறைந்தது என்று ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுக்கவில்லை. மேல்முறையீடு என்ற பேச்சே இல்லை. அந்த ஊரையும் கழகத்தையும் இங்கே எழுதாமல் விடுகிறேன், ஒருவரைக் குற்றம் சொல்வது என் நோக்கம் இல்லை. எங்கேயும் இப்படி நடக்காமல் இருக்க ஒரு விதி வேண்டும்.

வயது விஷயத்தில் நீங்கள் மனசு வைத்தே ஆக வேண்டும். பொதுப் பிரிவுக்கு 40, பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45 என்று உச்ச வயது இருக்கிறது. ஆள் எடுக்காமல் விட்ட வருடங்களுக்கு யார் பொறுப்பு? முப்பத்தைந்து வயதில் தயாராக இருந்தவர் அறிவிக்கைக்குக் காத்திருந்தே நாற்பதைத் தாண்டினார். அவர் ஒரு தவறும் செய்யவில்லை. அந்த வருடங்களிலும் அவர் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார், அனுபவம் கூடத்தான் செய்தது. ஆள் பற்றாக்குறையால் அதே வருடங்களில் பணியில் இருந்த எங்களுக்கு டூட்டி முடித்தவுடன் மறுபடி டூட்டி போட்டார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே சொல்லிவிட்டது. தூக்கம் கெட்டு ஓட்டின ராத்திரிகளில் எதிரே வருகிற விளக்கு இரண்டாகத் தெரியும். அப்போதெல்லாம் வெளியே எங்கள் வேலைக்கு ஆள் காத்திருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

தகுதிச் சான்றுகள் சரியாக இருக்கிற எல்லாரையும் முதலில் ஓட்டுத் தேர்வுக்குக் கூப்பிடுங்கள். தளத்தில் ஒரு பகுதி, நிஜச் சாலையில் ஒரு பகுதி என்று வையுங்கள். மொத்த மதிப்பெண்ணில் பாதிக்குக் குறையாமல் ஓட்டுத் தேர்வுக்கு ஒதுக்குங்கள். தேர்வு முழுவதும் கேமராவில் பதிவாக வேண்டும், மதிப்பெண்ணை இயந்திரம் போட வேண்டும், ஓட்டி இறங்கிய உடனே மதிப்பெண் சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த வண்டியைப் பழக ஒரு சுற்று விடுங்கள். வண்டி பழுதால் தவறியவருக்கு இன்னொரு வாய்ப்பு கொடுங்கள். காத்திருக்கிற இடத்தில் நிழலும் தண்ணீரும் இருக்கட்டும்.

ஓட்டுத் தேர்வில் தேறியவர்களுக்கு எழுத்துத் தேர்வு வையுங்கள். அதன் பாடத்திட்டத்தைச் சாலை விதி, வண்டிப் பராமரிப்பு, முதலுதவி, பயணிகளிடம் நடந்துகொள்ளும் முறை, டிக்கெட் கணக்கு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேள்வித்தாள் தயாரிக்கும் குழுவில் ஓய்வுபெற்ற ஓட்டுநர்களையும் பயிற்சி ஓட்டுநர்களையும் சேருங்கள். கூப்பிட்டால் நான் சம்பளம் வாங்காமல் வருகிறேன், என்னைப் போல இன்னும் பலர் வருவார்கள். நேர்காணலுக்கு மதிப்பெண்ணே வேண்டாம், அது சான்றிதழ் சரிபார்ப்போடு நிற்கட்டும். முடிவு வரும்போது எல்லாருடைய மதிப்பெண்ணும் பிரிவு வாரியான கட் ஆஃபும் வெளியே வர வேண்டும்.

கட்டணத்தை 100 ரூபாய் ஆக்குங்கள், ஜி.எஸ்.டி.யை எடுத்துவிடுங்கள். 2025இல் 1,180 கட்டி, ஓட்டுத் தேர்வுக்கே கூப்பிடப்படாதவர்களுக்கு அடுத்த அறிவிக்கையில் கட்டணம் இல்லாமல் விண்ணப்பிக்க அனுமதி கொடுங்கள். கண்டக்டர் லைசென்ஸையும் முதலுதவிச் சான்றையும் தேர்வான பிறகு எடுக்க ஆறு மாதம் அவகாசம் கொடுங்கள். முடிந்தால் கழகமே அந்த வகுப்பை நடத்தட்டும்.

ஓய்வுபெறப்போகிற ஓட்டுநர்கள் எத்தனை பேர் என்பது உங்கள் கணினியில் இருக்கிறது. அதை வைத்து வருடத்துக்கு ஒரு முறை, இன்ன மாதம் என்று சொல்லி ஆள் எடுங்கள். நியமனம் இல்லாமல் போன வருடங்களுக்கு ஈடாக, அடுத்து வருகிற இரண்டு அறிவிக்கைகளுக்காவது உச்ச வயதில் ஐந்து வருடம் தளர்த்துங்கள்.

இதற்குப் பதிலாக எனக்குத் தனிக் கடிதம் ஏதும் வேண்டாம். அடுத்த அறிவிக்கையில் "தேர்வு செய்யும் முறை" என்ற தலைப்புக்குக் கீழே முதல் வரியில் ஓட்டுத் தேர்வு என்று அச்சாகி வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர்,
டெல்டா மாவட்டம்